கல்வான் எழுதிய புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த லடாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் நன்றாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'லடாக் வரலாற்றை அறிய' என்று ஒரு பெட்டி போட்டு ஐந்து புத்தகங்களின் பெயரைக் கொடுத்திருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஐந்தில் மூன்று போர் பற்றியவை, இரண்டு பயண வழிகாட்டிகள். 1962, 1999, 2020 என்ற மூன்று வருடங்களைத் தவிர அந்த மண்ணில் எதுவுமே நடக்கவில்லை என்று படிக்கிற பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். '1974இல் சுற்றுலாவுக்குத் திறந்துவிடும் வரை வெளியுலகத்தோடு தொடர்பே இல்லாமல் கிடந்த பகுதி' என்று கட்டுரையில் ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

சாலைப் பணிக்காக இரண்டு வருடம் லடாக்கின் லே நகரில் இருந்தவன் நான். குளிர்காலத்தில் வேலை பாதி நின்றுபோகும். சாயங்காலம் ஆனதும் நான் தங்கியிருந்த வீட்டில் எல்லோரும் புகாரி என்கிற இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். அந்த வீட்டுத் தாத்தாவை எல்லோரும் மேமே-லே என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருநாள் அவர் மரப்பெட்டியிலிருந்து ஒரு பித்தளை மணியை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற மணி, உள்ளே நாக்கு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. "எங்க அப்பாவோட குதிரைக் கழுத்துல இருந்தது. காரகோரம் தாண்டி யார்கண்ட் வரைக்கும் போயிட்டு வந்திருக்கு" என்றார். காரகோரம் கணவாயின் உயரம் 5,500 மீட்டருக்கும் மேல். அதைத் தாண்டித்தான் இன்று சீனாவின் சிங்சியாங்கில் இருக்கும் யார்கண்டிலிருந்து கம்பளமும் பட்டும் சரஸ் என்கிற கஞ்சாப் பிசினும் லே கடைத்தெருவுக்கு வந்து இறங்கின. பஞ்சாபின் ஹோஷியார்பூர் வியாபாரிகள் அங்கேயே கடை வைத்திருந்து வாங்கினார்கள். மேற்குத் திபெத்தின் பஷ்ம் என்கிற மெல்லிய ஆட்டு ரோமம் லடாக் வழியாகத்தான் காஷ்மீருக்குப் போக வேண்டும் என்று 1684இலேயே லடாக்கும் திபெத்தும் செய்துகொண்ட திங்மோஸ்காங் உடன்படிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். காஷ்மீர் சால்வை என்று உலகமே கொண்டாடியதன் நூல் வந்த வழி அது.

யார்கண்ட் வழி அடைபட்டது 1949இல். அதிலிருந்து 1974 வரை கணக்குப் போட்டால் இருபத்தைந்து வருடம். ஒரு ஊரின் வாசலை இருபத்தைந்து வருடம் சாத்தி வைத்துவிட்டு, அது காலகாலமாகச் சாத்தியே கிடந்தது என்று எழுதுவது நியாயம் இல்லை.

சரி, எதைப் படிக்கலாம்? லடாக்குக்கு என்று சொந்தமான மன்னர் வரலாறு ஒன்று திபெத்திய எழுத்தில் உண்டு, லடாக் கியல்ரப்ஸ் என்பார்கள். அதை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் வெளியிட்டவர் ஏ. எச். பிராங்கே. மொராவிய மிஷன் பாதிரியாராக வந்தவர், லேயிலும் கலட்சேயிலும் பல வருடம் வாழ்ந்து பாறைக் கல்வெட்டுகளையும் கேசர் என்ற வீர அரசனின் கதைப் பாடல்களையும் சேகரித்தவர். அவருடைய 'இந்தியத் திபெத்தின் தொல்பொருட்கள்' இரண்டு பாகமாக 1914இலும் 1926இலும் வந்தது. இரண்டாம் பாகத்தில்தான் அந்த மன்னர் வரலாறு இருக்கிறது. அதைப் பிற மொழி ஆவணங்களோடு ஒப்பிட்டு வருடங்களைச் சரிசெய்தவர் இத்தாலிய அறிஞர் லூசியானோ பெட்டெக். அவருடைய 'லடாக் இராச்சியம்' 1977இல் வந்தது. படிக்கக் கொஞ்சம் கடினம்தான், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. ஆனாலும் அதைத் தொடாமல் லடாக் பற்றி ஆராய்ச்சி செய்ய முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் மூர்கிராஃப்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர். குதிரைப் படைக்கு நல்ல குதிரை தேடிப் புறப்பட்டு 1820இல் லே போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் இருந்தார். அவர் இறந்த பிறகு 1841இல்தான் அவருடைய பயணக் குறிப்புகள் புத்தகமாயின. கார்கில் பக்கத்துப் புரிக் பகுதியின் குட்டை ஆடு, நாயைப்போல வீட்டுக்குள் வளைய வந்து உணவுத் துணுக்கும் குடித்து மிஞ்சிய உப்பு டீயும் தேடும் என்று எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது மேமே-லே வீட்டு அடுப்படியையே பார்த்தமாதிரி இருந்தது. அதே புத்தகத்தில் பெரிய அரசியலும் உண்டு. லடாக் அரசு பிரிட்டிஷாரின் பாதுகாப்பை நாடியது, மூர்கிராஃப்ட் அதைக் கல்கத்தாவுக்கு எழுதினார், கம்பெனி ஏற்கவில்லை. 1834இல் ஜம்முவின் தளபதி ஜோராவர் சிங்கின் டோக்ரா படை உள்ளே வந்தது. அந்தப் போருக்குப் பிந்திய லடாக்கைப் பார்க்க அலெக்சாண்டர் கன்னிங்காம் 1854இல் வெளியிட்ட நூல் உதவும்.

இவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள். லடாக் மண்ணில் பிறந்த ஜோசப் கெர்கன் பல வருடம் சேகரித்து எழுதிய வரலாறு, அவர் மறைந்த பிறகு 1976இல் மகனின் முயற்சியால் அச்சேறியது. தலைப்பிலேயே 'அழியாப் புதையல்' என்று வைத்திருக்கிறார். கார்கில் பக்கத்து வரலாற்றுக்கு, அங்கே அதிகாரியாக இருந்த ஹஷ்மதுல்லா கான் 1939இல் உருதுவில் வெளியிட்ட 'தாரீக்-ஏ-ஜம்மு' வேண்டும். உங்கள் கட்டுரை பௌத்த மடாலயங்களோடு நின்றுவிட்டதால் இதைச் சொல்கிறேன். கார்கில் மாவட்டத்தில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களை விட்டுவிட்டு லடாக் வரலாறு எழுதினால் பாதி லடாக்தான் கிடைக்கும். திபெத்தோடு இருந்த தொடர்பே இதற்குச் சாட்சி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை லேயிலிருந்து லாசாவுக்கு லோப்சாக் என்ற மரியாதைக் குழு போகும். தலாய் லாமாவுக்குக் காணிக்கை கொண்டுபோகிற அந்தக் குழுவின் பொறுப்பைப் பிற்காலத்தில் ஏற்று நடத்தியது லேயின் ஒரு முஸ்லிம் வணிகக் குடும்பம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அப்துல் வாஹித் ராது தன் பயணங்களை 'திபெத்தியக் கேரவன்கள்' என்ற நூலில் சொல்லியிருக்கிறார். கேரவன் என்றால் சரக்கு ஏற்றிய விலங்குகளோடு சேர்ந்து போகும் வணிகக் கூட்டம்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு ஜேனட் ரிஸ்வியின் 'லடாக்: உயர் ஆசியாவின் சந்திப்பு' போதும். 1983இல் வந்தது, எளிய நடை. பிடித்துப்போனால் அவரே 1999இல் எழுதிய கேரவன் வணிக நூலுக்குப் போகலாம். அதற்காக அவர் பழைய வியாபாரிகளையும் குதிரைக்காரர்களின் வீட்டாரையும் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார்.

கடைசியாக, நான் மிகவும் சொல்ல விரும்பிய புத்தகம். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் இருபது வீரர்களை இழந்தோம். இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். கல்வான் என்ற பெயர் நம் ஊர் வீடுகளுக்குள் வந்தது அன்றைக்குத்தான். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? குலாம் ரசூல் கல்வான், லேயில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வெள்ளைக்காரப் பயணிகளிடம் சுமை வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு கேரவன்களின் தலைவராகி, லேயில் பிரிட்டிஷ் அதிகாரிக்கு உதவியாளரான அக்சகால் பதவி வரை உயர்ந்தார். 'சாகிப்களின் வேலையாள்' என்ற தன் வரலாற்றை அவரே ஆங்கிலத்தில் எழுதினார், 1923இல் வெளியானது. இலக்கணம் உடைந்த ஆங்கிலம். பதிப்பித்த பாரட் என்ற பெண்மணி அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். அதனால் கல்வானின் குரல் நமக்குக் கேட்கிறது. மற்றப் பயண நூல்களில் 'என் ஆட்கள்' என்ற இரண்டு வார்த்தைக்குள் அடங்கிப்போகிறவர்களில் ஒருவர், இங்கே பக்கம் பக்கமாகப் பேசுகிறார். எந்தச் சாகிப் நல்லவர், எவர் அடித்தார், பனியில் குதிரை விழுந்தால் யார் கண்ணில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்.

எங்கள் ஊர் நூலகத்தில் லடாக் என்று தேடினால் சுற்றுலாக் கையேடுதான் கிடைத்தது. பிராங்கே, மூர்கிராஃப்ட், கன்னிங்காம் நூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் ஆங்கிலம் அறியாத மாணவருக்கு அதனால் என்ன பயன்? கல்வான் 1925இல் மறைந்தார். நூறாண்டு ஆகிவிட்டதால் அவர் எழுத்தைத் தமிழில் கொண்டுவர உரிமைச் சிக்கலும் இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் இதழில் எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் யாராவது இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

பெட்டியைத் திருத்திப் போட இடமில்லை என்றால் கல்வான் புத்தகத்தின் பெயரையாவது அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். லே கடைத்தெருவில் வாங்கிய மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. மொழிபெயர்க்க முன்வருகிறவருக்கு என் செலவிலேயே தபாலில் அனுப்பிவைக்கிறேன். மேலட்டை கிழிந்திருக்கும், உள்ளே பக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி