வெள்ளவத்தை வீடியோக் கடை அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்பின் அண்ணா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு தையற்கடைக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் கடைக்கு மூன்று வருடம் வந்து போனேன். எல்லோரும் 'அண்ணா' என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் ஸ்காபரோவில் இருப்பதாக ஒருவர் சொன்னார், லண்டனில் என்று இன்னொருவர். எங்கே இருந்தாலும் இது உங்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகத்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

1992 இல் ஒரு நாள் மாலை நீங்கள் எனக்கு ஒரு கசெட் தந்தீர்கள். மூன்று மணி நேர நாடா, அதில் இரண்டு ஆங்கிலப் படங்கள். "முதலாவதை விடு, இரண்டாவதைப் பார்" என்றீர்கள். அந்த இரண்டாவது படம் 'த்ரீ ஓ'க்ளொக் ஹை'. சென்ற மாதம் அதன் புளூ-ரே தட்டு கைக்கு வந்தது. தங்கை கனடாவிலிருந்து கொண்டுவந்தாள். இரண்டு இரவுகள் தொடர்ந்து பார்த்தேன். உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

அந்த மாலை நான் ஏன் முகம் வெளிறி நின்றேன் என்று நீங்கள் கேட்டீர்கள். நாளைக்கு ஒருவன் என்னை அடிக்கப் போகிறான் என்று மட்டும் சொன்னேன். ஏன் அடிக்கப் போகிறான் என்பதை மறைத்தேன். எங்கள் வகுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புது மாணவன் வந்திருந்தான். யாழ்ப்பாணத்துக்கு ஓடிய யாழ்தேவி ரயில் 1990 ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. எந்த வழியாக, எத்தனை நாள் நடந்து வந்தான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பேசாதவனைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். அவன் புலிகள் இயக்கத்தில் இருந்தவன் என்று சொன்னது நான். எனக்கு யாரும் சொல்லவில்லை. இடைவேளையில் நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்ற ஆசையில் நானே கட்டிச் சொன்ன கதை. மூன்றாம் நாள் அது அவன் காதுக்குப் போய்விட்டது. "நாளைக்கு ஒன்றரைக்கு, பள்ளிக்கூடம் விட்டதும், ரயில் பாதையடிக்கு வா" என்றான்.

நீங்கள் தந்த படத்தில் மணி மூன்று, எனக்கு ஒன்றரை. மற்றப்படி அன்றிரவு அந்தத் திரையில் ஓடியது என் வயிற்றில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

கதை சின்னது. ஜெரி மிச்செல் ஒரு சாதுவான மாணவன், பள்ளிக்கூடத்துச் சிறுகடையைப் பார்த்துக்கொள்பவன். படி ரெவெல் என்ற புது மாணவனைப் பற்றி மாணவர் பத்திரிகைக்கு எழுதும்படி அவனிடம் சொல்கிறார்கள். படம் தொடங்கும்போதே பள்ளிக்கூடம் முழுவதும் படியைப் பற்றித்தான் பேச்சு, ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு பயங்கரம். தன்னை யாரும் தொடக்கூடாது என்பவன் அவன். கழிப்பறையில் பதற்றத்தில் உளறிக்கொண்டே ஜெரி அவனைத் தட்டிவிடுகிறான். மூன்று மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் சண்டை என்று தீர்ப்பாகிறது. மீதிப் படம் முழுவதும் அந்த மூன்று மணி வந்துகொண்டே இருப்பதுதான்.

இதை நகைச்சுவைப் படம் என்று விற்றார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் பயந்தவனின் கண்ணால் பள்ளிக்கூடத்தைக் காட்டும்போது வருகிற சிரிப்பு அது. கடிகார முள் அசைவது கதவு அறைவதுபோலக் கேட்கிறது. நடைபாதை நீள்கிறது, தாழ்ந்த கமெரா அவன் காலடியோடு விரைகிறது, பக்கத்தில் நிற்பவன் மலையாகத் தெரிகிறான். ஒளிப்பதிவு பெரி சொனன்ஃபெல்ட், பிற்பாடு 'மென் இன் பிளாக்' இயக்கியவர். பின்னணி இசையில் ஜேர்மனியின் டேஞ்சரின் ட்ரீம் குழு. பள்ளிப் படத்துக்கு யாரும் நினைத்துப் பார்க்காத மின்னிசை, நெஞ்சுக்குள் இருந்து அடிப்பதுபோல. இயக்குநர் பில் ஜோனுவுக்கு இது முதல் திரைப்படம், வெளியானபோது வயது 25. ஸ்பீல்பெர்க்கின் தொலைக்காட்சித் தொடரில் இரண்டு பகுதிகள் செய்த கையோடு வந்தவர். அந்த வயதில்தான் இப்படி ஒரு காட்சியைக்கூடச் சும்மா விடாமல் எடுக்க முடியும். படம் பிடித்தது யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரின் உண்மையான உயர்நிலைப் பள்ளியில். நம் கசெட்டில் சாம்பல் கோடுகளாகத் தெரிந்த அந்த உயரமான மண்டபங்களின் அழகைப் புளூ-ரேயில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

1987 ஒக்டோபரில் வந்து, வந்த வேகத்தில் திரையரங்குகளை விட்டுப் போய்விட்டது. அமெரிக்காவில் வசூல் நான்கு மில்லியன் டொலரைக்கூட எட்டவில்லை. அதைக் காப்பாற்றியது வீடியோக் கடைகள்தான் அண்ணா, உங்களுடையதைப் போன்றவை. 2017 இல் ஒரு நிறுவனம் அதைத் தேடி எடுத்துப் புளூ-ரேயாக வெளியிட்டது. இன்னும் பலருக்குத் தெரியாது, அதில் எனக்குக் கோபம் உண்டு. குறையும் சொல்கிறேன். படியின் சொந்தப் பித்தளைக் குத்துவளையத்தை விரல்களில் மாட்டிக்கொண்டுதான் ஜெரி அவனை வீழ்த்துகிறான். அத்தனை நேர்மையாகப் பயத்தைக் காட்டிய படம் அங்கே கைதட்டலுக்கு இறங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஆனால் சண்டையை நான் அன்று பார்க்கவில்லை. கூட்டம் வட்டமாக நிற்கிறது, மணி மூன்றாகிறது, நாடா தீர்ந்துவிட்டது. டெக் தானாகப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. யார் வென்றார் என்று தெரியாமலே மறுநாள் நான் ரயில் பாதைக்குப் போனேன்.

கருங்கற்களுக்கு அப்பால் கடல். பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். அவன் சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. "நீ சொன்னதை யாராவது பொலிசில் சொல்லியிருந்தால், என் அம்மா எந்த வாசலில் போய் நிற்பாள்?" என்றான். அப்போது கொழும்பில் அடையாள அட்டையில் ஊர்ப்பெயரைப் பார்த்தே ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. ஓர் அறை விழுந்தது, கன்னம் அல்ல, காது. நான் திருப்பி அடிக்கவில்லை. பாணந்துறை ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது. அவன் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

அன்று மாலை கசெட்டைத் திருப்பித் தரும்போது உங்களிடம் கேட்டேன்: "கடைசியில் யார் வெல்கிறார்?"

"அதை விடு தம்பி. பிறகு எல்லோரும் காகிதம் வாங்குகிறார்கள். அதுதான் முடிவு" என்றீர்கள்.

நீங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, சமாளிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சண்டையிலிருந்து தப்ப ஜெரி என்னென்னவோ செய்து பார்க்கிறான். தன் பொறுப்பிலிருந்த கடைக் காசையே எடுத்துப் படியிடம் கொடுக்கிறான். படி வாங்கிக்கொள்கிறான், சண்டை இல்லை என்று ஆகிறது. ஆனால் ஜெரியால் அந்த நிம்மதியைத் தாங்க முடியவில்லை. காசைத் திருப்பிக் கேட்கிறான், தெரிந்தே அடி வாங்கப் போகிறான். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. சண்டைக்குப் பிறகு கடைக் காசு குறைகிறது என்பது வெளியே தெரியும் நேரத்தில், மாணவர்கள் கடைக்கு வருகிறார்கள். வாங்குவது ஒற்றைக் காகிதத் தாள், கொடுப்பது ஒரு டொலர். இன்னொருவர், இன்னொரு தாள். வரிசை நீள்கிறது. கடைசியில் படியே வந்து, வாங்கிய பணத்தை வைத்துவிட்டுப் போகிறான். நடைபாதைகளில் மறுபடியும் கதைகள் பறக்கின்றன, இந்த முறை ஜெரியைப் பற்றி.

அந்தத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் குரல் கேட்டது. ஏன் எனக்கு அந்தப் படம் என்று கேட்க அன்று தோன்றவில்லை. நான் மறைத்ததை என் முகத்திலேயே நீங்கள் படித்திருப்பீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறை விழுந்த மறுநாள் நான் வகுப்பில் மேசை மேசையாகப் போய், அந்தக் கதை நான் கட்டியது என்று சொன்னேன். நம்பியவர்கள் சிலர். அடி வாங்கிய பயத்தில் சொல்கிறான் என்றவர்கள்தான் அதிகம். சொன்ன பொய் பரவ மூன்று நாள் போதுமாக இருந்தது, அதைத் திரும்பப் பெறுவதற்கு அந்தத் தவணை முழுவதும் போதவில்லை. அடுத்த வருடம் அவன் குடும்பம் வெளிநாடு போய்விட்டது. போகுமுன் கணிதக் கொப்பி ஒன்றை என்னிடம் இரவல் வாங்கினான், திருப்பியும் தந்தான். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி எழும்பிவிட்டது. நான் இன்னும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன், கடல் பக்கம், ரயில் சத்தம் கேட்கும் வீடு. கொழும்புக்கு வந்தால் கட்டாயம் வாருங்கள் அண்ணா. நாடா தீர்ந்த அந்த இடத்திலிருந்து படத்தைப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடைக்கு வந்த பையன்