டிக்கெட் போட்டுவிட்டேன், டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

மே மாதம் பெல்கிரேடு போகிறேன், 2019இல் நாம் சேர்ந்து போவதாக இருந்த அதே செர்பியத் தலைநகருக்கு. டிக்கெட் போட்டாயிற்று. உங்களிடம் கேட்காமல் போட்டதற்கு மன்னித்துவிடுங்கள். கேட்டிருந்தால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றிருப்பீர்கள், நானும் தலையாட்டியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை.

போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். இங்கே எல்லோரும் பார்க்க எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிப்பீர்கள். நம் ஸ்டாஃப் ரூமில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள், உங்கள் வீட்டிலும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சிலரைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போகிறேன். உங்களுக்குப் புரியும்.

முதலில் கணக்கு. நீங்கள் எப்போதும் அதைத்தானே கேட்பீர்கள்.

சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போய்வர 58,000 ரூபாய். விசாவுக்கும் காப்பீட்டுக்கும் பத்தாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 1,500 தாராளம், பத்து நாளுக்குப் பதினைந்தாயிரம். அந்த ஊர்ப் பணமான தினார் ஒன்று நம் ஒரு ரூபாயைவிடச் சற்றுக் குறைவு, எனவே விலைப்பட்டியலைப் பார்த்தவுடன் மனக்கணக்கு வந்துவிடும். ஒரு யூரோவுக்கு 117 தினார், பல வருஷமாகப் பெரிதாக அசையவில்லை. யூரோ நோட்டாகக் கொண்டுபோய் அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும். கார்டு போடும்போது இயந்திரம் 'ரூபாயிலா தினாரிலா' என்று கேட்டால் தினார் என்றுதான் அழுத்த வேண்டும். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் விலை.

ஊருக்குள் பஸ்ஸுக்கும் டிராமுக்கும் செலவே இல்லை. 2025 ஜனவரி 1 முதல் பெல்கிரேடில் நகரப் போக்குவரத்து எல்லோருக்கும் இலவசம். விமான நிலையத்திலிருந்து வரும் 72ஆம் எண் பஸ்ஸும் நகரப் பஸ்தான், ஊர் நடுவே ஸெலெனி வெனாட்ஸில் இறக்கிவிடும். சாவா ஆறு டான்யூபில் கலக்கிற இடத்துக்கு மேலே நிற்கிற கலெமெக்தான் கோட்டைப் பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது. புனித சாவா தேவாலயத்துக்கும் கிடையாது.

சாப்பாட்டைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் பயந்தீர்கள். சைவத்துக்கு அந்த ஊரிலேயே வழி இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியிலும் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களிலும் விரதம் இருப்பார்கள். அந்த உணவுக்கு 'போஸ்னோ' என்று பெயர். இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது, மீன் மட்டும் சில சமயம் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேக்கரிகளில் போஸ்னோ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பீன்ஸை வெங்காயத்தோடு அடுப்பில் வேகவைக்கிற 'ப்ரெப்ரனாட்ஸ்' என்று ஒன்று உண்டு. ரொட்டியோடு அதைச் சாப்பிட்டால் மத்தியானம் தீர்ந்தது.

அறைதான் இடிக்கிறது. இரண்டு கட்டில் போட்ட சாதாரண அறை, இரவுக்கு 3,500. ஒன்பது இரவுக்கு 31,500. இருவர் போனால் ஆளுக்கு 15,750. தனியாகப் போனால் முழுசும் என் தலையில். டெஸ்லா அருங்காட்சியகம், பக்கத்து நகரமான நோவி சாத் போய்வருவது எல்லாம் சேர்த்து ஆறாயிரம். கூட்டிப் பாருங்கள்: இருவர் என்றால் ஆளுக்கு 1,04,750. தனியாள் என்றால் 1,20,500.

2019இல் போயிருந்தால் இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும். அப்போது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டாம், 30 நாள் இருக்கலாம். 2023 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். நாம் தள்ளிப்போட்டதற்கும் ஒரு விலை இருந்தது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

பயணத்துக்குப் பணம் எடுக்கப் போன அன்றைக்கு, வங்கியில் நீங்கள் பணம் எடுக்கிற சீட்டை நிரப்பிவிட்டீர்கள். நீல மை. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கீழே கோடு போட்டு, ஒருமுறை வாசித்தும் பார்த்தீர்கள். அப்போது போன் வந்தது. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று பேசினீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக உங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பி வந்து அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். வேறு சீட்டு வாங்கி அதே தொகையை எழுதினீர்கள், இன்னொருவர் கணக்குக்கு. என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "டீ குடிப்போமா?" என்று கேட்டீர்கள். குடித்தோம். காசு நீங்கள்தான் கொடுத்தீர்கள்.

நான் ஏன் எதுவும் கேட்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் என்னைவிட மூத்தவர், உங்கள் குடும்பம், உங்கள் பணம். நான் யார் கேட்க? ஆனால் அந்தப் பயணம் என்னுடையதும்தானே, டீச்சர்? நான் சேர்த்துவைத்த லீவு, நான் வாங்கிய பெட்டி. அன்றைக்கு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பணம் வாங்கியவர்கள் இன்றைக்கு எப்படி இருக்கிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நன்றாக இருக்கட்டும்.

முப்பது வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு மாறுதிசை மின்னோட்டம் நடத்தினீர்கள். விஞ்ஞானி டெஸ்லாவின் பெயரைச் சொல்லும்போது உங்கள் குரல் மாறும், கடைசி பெஞ்சும் அடங்கிவிடும். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறேன். டெஸ்லா பெல்கிரேடுக்கு வந்ததே ஒரு தடவை, 1892இல். 1943இல் நியூயார்க்கில் இறந்தார். 1957இல் அஸ்தி பெல்கிரேடு வந்தது, அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குள் பொன்னிறக் கோளம் ஒன்றில் இருக்கிறது. உயர் மின்னழுத்தம் உண்டாக்கும் டெஸ்லா சுருளை அங்கே ஓட்டிக் காட்டும்போது பார்க்க வந்தவர்கள் கையில் குழல்விளக்கைக் கொடுப்பார்கள், கம்பி இல்லாமலே எரியும். அதைப் பிடிக்க வேண்டிய கை உங்களுடையது. நான் பிடித்து என்ன செய்ய? எனக்கு அதில் பாதி புரியாது.

வெளிநாடு போகத் துறை அனுமதிக்காக நான்தான் அலைந்தேன். ஓய்வுபெற்ற உங்களுக்கு அதுவும் வேண்டாம். உங்கள் பாஸ்போர்ட் 2028 வரை செல்லும். போட்டோவும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கொடுத்தால் விண்ணப்பத்தை நானே நிரப்புகிறேன். நான் போகிற விமானத்தில் இன்னும் இடம் இருக்கிறது, விலை ஏறிக்கொண்டிருக்கிறது. யாரிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் நான் போவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்