கருவியை வைத்து அளந்து பாருங்கள், ஐயா: மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை எழுதுவது ஒரு கார்ப் பைத்தியம். வெள்ளவத்தையில் இருக்கிறேன். கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒரு ஹொண்டா சிவிக் வைத்திருக்கிறேன். அது கம்பனியிலிருந்து வரும்போது பின்சக்கரங்களில் டிரம் பிரேக் இருந்தது. இப்போது அதே சிவிக்கின் உயர்ந்த ரகத்தில் வந்த டிஸ்க் பிரேக் இருக்கிறது. ஆகவே அது மொடிஃபை பண்ணிய கார். சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயோடு ஊரை எழுப்பும் காரும் மொடிஃபை பண்ணிய கார்தான். ஒன்று முன்பை விட ஒழுங்காக நிற்கிறது, மற்றது நாலு தெருவின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர், தெருவில் மறித்தால் இரண்டுக்கும் ஒரே பார்வை. இதுதான் என் வழக்கு.

2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பொலிஸார் தெருவில் இறங்கி, பஸ்ஸிலும் ஓட்டோவிலும் காரிலும் கூடுதலாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். பஸ்காரர்களும் ஓட்டோக்காரர்களும் சத்தம் போட்டார்கள், அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த நடவடிக்கையில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணைப் பறிக்கும் நீலச் சிவப்பு லைட்டுகளும் காதைக் கிழிக்கும் ஹோர்ன்களும் போனால் எனக்கும் நிம்மதி. ஆனால் அப்படியான நாட்களில் எது பிடிபடுகிறது என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதுதான் பிடிபடும். அலோய் வீல், ஸ்டிக்கர், பின்னால் ஒரு ஸ்பொய்லர். உண்மையில் ஆளைக் கொல்லக்கூடிய மாற்றங்கள் பொனட்டுக்கு உள்ளேயும் சில்லுக்குப் பின்னாலும் இருக்கின்றன. அவற்றை வெளியில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் நாட்டில் கார் வரி பெரும்பாலும் எஞ்சினின் சிசியைப் பார்த்துப் போடப்படுகிறது. அதனால் கொஞ்ச வருடங்களுக்கு முன்பு ஆயிரம் சிசிக்குள் அடங்கும் டர்போ கார்கள், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதி வலுவைக் கூட்டும் கருவி உள்ளவை, கொழும்பில் குவிந்தன. அதில் பேர்போனது மூன்று சிலிண்டர் 1.0 லீட்டர் ஹொண்டா சிவிக். கிட்டத்தட்ட 129 குதிரைவலு. அந்த அளவு பெரிய உடம்புக்கு அது போதாது என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றியது. அப்புறம் என்ன, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கெட்டில் ஒரு லப்டொப்பைக் கொளுவி, எஞ்சின் கம்பியூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றி எழுதினால் முடிந்தது. டர்போ இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் காற்றை ஊதும், பெற்றோல் அதற்கேற்பக் கூடும், குதிரைவலு ஏறும். இதைத்தான் ரீமேப் என்கிறோம். ஒரு போல்ட் கூடக் கழற்றப்படவில்லை, வெளியே ஒரு கீறல் கூட மாறவில்லை. ஆணிவேர் சிசிக்கு வரி போட்ட கணக்கில் இருக்கிறது, ஆனால் அதைப் பிடிக்கத் தெருவில் நிற்பவர் அலோய் வீலைத் தட்டிப் பார்க்கிறார்.

புகைப் பரிசோதனையில் மாட்டாதா என்று கேட்பீர்கள். 2008ல் தொடங்கிய அந்தப் பரிசோதனையால் நன்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கார் நின்ற இடத்தில் நிற்கிறது. டர்போ முழு மூச்சில் ஊதுவது காரை இழுத்துக்கொண்டு ஓடும்போதுதான். நின்றபடி அக்சிலேட்டரை மிதித்தால் அது அரைத் தூக்கத்தில் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேட்டரையே விற்றுத் தின்றவர்கள்தான் அங்கே கொஞ்சம் பயப்பட வேண்டும். அவர்களிலும் பரிசோதனைக்காக இரவல் வாங்கிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, சக்தி கூடியது. நிறுத்துவது யார்? வேகம் 80லிருந்து 120க்கு ஏறினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. அது முழுவதும் சூடாகத்தான் போக வேண்டும். இதில் கொழும்புக்கென்றே ஒரு தனிக் கேடு உண்டு. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 என்று போட்டிருக்கும் புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கடற்கரையோரம், வருடம் முழுக்க வியர்க்கும் ஊர் இது. ஐந்து வருடம் மாற்றாத பிரேக் ஒயிலோடு ரீமேப் செய்த கார் அதிவேகப் பாதையில் போகிறது. ஒயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. உங்கள் திணைக்களத்தின் எந்த வரிசையிலும் அதை யாரும் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் கார் வருடா வருடம் காட்ட வேண்டியது காப்புறுதியும் புகைச் சான்றிதழும்தான். இரண்டும் கையில் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் வந்துவிடும். பிரேக் இருக்கிறதா என்று கேட்பவர் எவரும் இல்லை.

இந்த நாட்டில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு மொடிஃபிகேஷன் என்பது பாதி நேரம் வெறும் பழுதுபார்ப்பு என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022ம் வந்து போனது, பெற்றோலுக்கு கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றதை யார் மறப்பார்? அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரை உயிரோடு வைத்திருக்கத்தான் பாடுபட்டோம். ஒரிஜினல் ஷொக் அப்சோபர் கிடைக்காது, கிடைத்தால் அதன் விலையைக் கேட்டு நமக்கு ஷொக். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கி, ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பிய ஹாஃப் கட்டிலிருந்து வேறு மொடலின் பாட்ஸ் எடுத்துப் பூட்டினோம். இறக்குமதி திறந்த பிறகும் பாவித்த கார் என்றால் வயதெல்லை உண்டு, எங்கள் காலத்துக் கார்கள் இனி வரப்போவதில்லை. இருப்பதை இருப்பதோடு ஒட்டித்தான் ஓட வேண்டும். அப்படி ஒட்டியதில் எது சட்டப்படி சரி, எது பிழை? எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் வீல் என்று வந்தால் கராஜில் ஒரு பாஸ் ஒன்று சொல்வார், பக்கத்துக் கராஜ் பாஸ் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். மறிக்கும் உத்தியோகத்தர் மூன்றாவதாக ஒன்று சொல்வார்.

ஸ்பிரிங் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காரைத் தாழ்த்த இரண்டு வழி இருக்கிறது. அதற்கென்றே செய்த குட்டையான ஸ்பிரிங்கை, அதற்குப் பொருந்தும் ஷொக்கோடு பூட்டுவது ஒன்று. காசு இல்லாதவன் செய்வது மற்றது: இருக்கிற ஸ்பிரிங்கைக் கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று வெட்டுவது. வெட்டிய முனை கூராக நிற்கும், கீழே இருக்கும் கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சில்லு தொங்கும் நேரம் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும், திரும்ப ஏறும்போது டங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் அதைக் காரின் குணம் என்று நினைக்கிறார்கள். சிலர் காஸ் அடித்துச் சூடாக்கியே அமுக்குவார்கள், அதோடு அந்த இரும்பின் பலமும் போய்விடும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு காரும் ஒரே உயரம். ஒன்றை ஜாக் அடித்து, சில்லைக் கழற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், அதற்குப் பத்து நிமிடம் போதும்.

எங்கள் கார்களில் பெரும்பங்கு வந்த ஜப்பானையே பாருங்கள். அங்கே புதுக் காருக்கு மூன்று வருடத்திலும், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும் ஷாக்கென் என்ற பரிசோதனை உண்டு. பிரேக்கை உருளையில் ஏற்றி அளக்கிறார்கள், ஹெட்லைட் எங்கே விழுகிறது என்று அளக்கிறார்கள், தரைக்கும் காருக்கும் இடையே ஒன்பது சென்டிமீற்றர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சைலன்சரின் சத்தத்துக்கு எண் இருக்கிறது. 1990களின் முடிவில் இறுக்கிய விதிப்படி முன்பக்க எஞ்சின் கார் என்றால் 96 டெசிபல், அதுவும் குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில். 1995ல் அவர்கள் விதிகளைத் தளர்த்தி, குறிப்பிட்ட சில பாகங்களை மாற்றினால் தனி அனுமதி தேவையில்லை என்றார்கள். பெரிய மாற்றம் என்றால் ஆய்வு செய்து பத்திரத்தில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியிலும் அப்படித்தான், பாகத்தோடு சான்றிதழ் வரும், இல்லையென்றால் பொறியியலாளர் பார்த்துப் பதிந்து கொடுப்பார். அதனால் அங்கே நேர்மையாக மாற்றியவனுக்கு ஒளிந்து ஓட வேண்டிய தேவை இல்லை.

இங்கேயும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள். எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒரு பட்டியல், மூன்று மொழியிலும். சத்தத்துக்கும் லைட்டின் கோணத்துக்கும் உயரத்துக்கும் எண்கள். உங்கள் வேரஹெர அலுவலகத்திலோ வேறெங்கோ, காசு கட்டி நாள் எடுத்துக் காரைக் கொண்டுவந்தால் பொறியியலாளர் பார்த்து, சரி என்றால் புத்தகத்தில் ஏற்ற வேண்டும், பிழை என்றால் என்ன பிழை என்று எழுதித் தர வேண்டும். பத்து வருடம் தாண்டிய தனியார் கார்களுக்கு பிரேக் பரிசோதனையும் வையுங்கள். என் காரும் அதில் வரும், வரட்டும். கட்டணம் கட்டத் தயார். அலோய் வீலுக்கு எத்தனை இலட்சம் கொட்டியவர்கள் நாங்கள், இதற்குப் பஞ்சம் பாட மாட்டோம்.

என் ஆட்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதை அவர்களும் வாசிப்பார்கள். நள்ளிரவு தாண்டி மரைன் டிரைவில் வெடி வெடிக்கும் கார்களுக்கு என்னிடம் வக்காலத்து கிடையாது. அந்த வெடி வேகத்தின் சத்தம் கூட இல்லை. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் பெற்றோலை ஊற்றி, தீப்பொறியைப் பிந்த வைத்து, சைலன்சருக்குள் எரிய விடும் வித்தை அது. கார் ஒரு அடி கூட வேகமாகப் போகாது. கட்டலிட்டிக்கும் சில நேரம் டர்போவும் சாகும், கடற்கரையோர மாடிவீடுகளில் கைக்குழந்தை எழும்பி அழும். அதே போல, சாதாரண ஹலஜன் பல்புக்குச் செய்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஆன்லைனில் வாங்கிய எல்இடியைச் செருகி, மழை இரவில் காலி வீதி முழுவதையும் குருடாக்குகிறவர்களுக்குத் தண்டப்பணத்தை இரட்டிப்பாக்கினாலும் கை தட்டுவேன்.

எங்களுக்குள் மிட்சுபிஷி எவோ காரா சுபாரு காரா என்று விடியும்வரை சண்டை நடக்கும். 1989லிருந்து 2004 வரை ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் பேசிவைத்து, எந்தக் காருக்கும் கட்டலொக்கில் 280 குதிரைவலுவுக்கு மேல் போடவில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்னும் அடிபடுகிறார்கள். என் கட்சி வேறு. 1997ல் வந்த சிவிக் டைப் ஆர், டர்போ இல்லாமல் 1.6 லீட்டரில் 185 குதிரைவலு, எடை ஒரு டன்னைக் கொஞ்சம்தான் தாண்டும். ஸ்டார்லெட் ஜிடி டர்போ 135 குதிரைவலு, 900 கிலோவை எட்டாது. கொழும்பு வீதிக்கு இப்படியான இலகுவான கார்கள்தான் பொருத்தம். முந்நூறு குதிரைவலுவை பொரளைச் சந்தியில் இரண்டாம் கியரில் என்ன செய்வது? அதிவேகப் பாதையிலேயே எல்லை 100தான்.

அப்படியானால் அந்த வலுவை எங்கே ஓட்டுவது? களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை ஓடுபாதை இருக்கிறது, பன்னலவில் சர்க்கிட் இருக்கிறது. மலைநாட்டில் மஹகஸ்தொட்ட ஏற்றப் பந்தயம் 1934லிருந்து வருகிறது. அவையெல்லாம் பந்தயக்காரர்களுக்கும் பந்தய நாட்களுக்கும் உரியவை. சாதாரணமாகக் கார் வைத்திருக்கும் ஒருவன் மாதத்தில் ஒரு நாள் காசு கட்டி, ஹெல்மட் போட்டு, அம்புலன்ஸ் நிற்க ஓட்டிப் பார்க்க வழி செய்தால் மரைன் டிரைவில் பாதிக் கூட்டம் குறையும் என்பது என் நம்பிக்கை. 2024 ஏப்ரல் 21ல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் பார்வையாளர்கள் மீது பாய்ந்து ஏழு பேர் இறந்ததை மறந்துவிட்டு இதைக் கேட்கவில்லை. பார்வையாளரை எங்கே நிறுத்துவது, கார் பாதையை விட்டு விலகினால் அதை எது தடுக்கும் என்பதை முதலில் தீர்க்காத எந்த ஓட்டத்துக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். பார்வையாளரே இல்லாமல் நடத்தினாலும் எங்களுக்குச் சம்மதம்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாது, தெரியும். முதலில் ஒன்று செய்யலாம். நாரஹேன்பிட்டி அலுவலகத்திலோ வேரஹெரவிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டெசிபல் மீற்றரும் லைட் பார்க்கும் கருவியும் பிரேக் உருளையும் ஓர் ஆய்வாளரும் மட்டும் தாருங்கள். தண்டப்பணம் எழுதாத ஒரு காலை. தாழ்த்தியது, டர்போ ஏற்றியது, எஞ்சின் மாற்றியது, எல்லாவற்றையும் நாங்களே வரிசையில் கொண்டுவந்து நிறுத்துகிறோம். எத்தனை கார் தேறியது, எது எதில் தோற்றது என்று நீங்களே பத்திரிகைக்குக் கொடுங்கள். தோற்ற காரைத் திருத்தும்வரை ஓட்டக் கூடாது என்று சொன்னால் லோட் கரியரில் ஏற்றிக்கொண்டு போகிறோம். என் சிவிக் முதலாவதாக நிற்கும். தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய சிவிக் சொந்தக்காரன்