லைவ் எய்டு கேசட்டுகளை டெக்கில் போடும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா முழங்கால் வலி குறைந்து மறுபடி மாடிப்படி ஏறுகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா? இங்கே எல்லோரும் நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்டு கச்சேரியை டிவியிலிருந்து வீட்டில் பதிவு செய்த விஎச்எஸ் வீடியோ கேசட்டுகள் உன்னிடம் இரண்டு பெட்டி சேர்ந்திருக்கின்றன. ஒன்று இங்கிலாந்து வீட்டினுடையது, மற்றது அமெரிக்க வீட்டினுடையது. எது தெளிவாக இருக்கிறதோ அதை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மற்றதைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து கொடுத்துவிடாதே. அந்தக் கச்சேரி லண்டன் வெம்ப்ளியிலும் ஃபிலடெல்ஃபியா ஜே.எஃப்.கே. ஸ்டேடியத்திலும் ஒரே நாளில் நடந்தது. வெம்ப்ளி மேடையைப் படம் பிடித்தது 625 வரி, விநாடிக்கு 50 ஃபீல்டு (ஃபீல்டு என்பது ஒரு ஃப்ரேமின் பாதி வரிகள்) கொண்ட பி.ஏ.எல். என்ற டிவி முறையில். ஃபிலடெல்ஃபியா 525 வரி, ஏறத்தாழ 60 ஃபீல்டு கொண்ட என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க முறை. அட்லாண்டிக்கைத் தாண்டிய ஒவ்வொரு காட்சியும் ஒரு மாற்றுக் கருவி வழியாகத்தான் போயிருக்கிறது. அந்தக் கருவி பக்கத்துப் பக்கத்து ஃபீல்டுகளைக் கலந்து புதியதை உண்டாக்கும். இங்கிலாந்து கேசட்டில் ஃபிலடெல்ஃபியா காட்சி ஒன்றை நிறுத்தி, டிரம் அடிப்பவரின் கையைப் பார். குச்சி இரண்டாகத் தெரியும், ஒன்று அழுத்தமாக, ஒன்று ஆவி போல. இதை எந்த மென்பொருளாலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே வெம்ப்ளிக்கு இங்கிலாந்து கேசட்டையும், ஃபிலடெல்ஃபியாவுக்கு அமெரிக்கக் கேசட்டையும் அடிப்படையாக வைத்துக்கொள்.

அமெரிக்கப் பதிவிலும் ஓட்டைகள் உண்டு. அங்கே ஒளிபரப்பிய சேனல்களில் எம்டிவி நடுநடுவே விளம்பரத்துக்கும் தொகுப்பாளர் பேச்சுக்கும் போய்விடும். ஏபிசி தன் பெயரில் காட்டியது கடைசி மூன்று மணி நேரம்தான். அந்த இடங்களில் பிபிசி பதிவை எடுத்து ஒட்டவேண்டும், படம் கொஞ்சம் மழுங்கினாலும் பரவாயில்லை. இதற்கு நேர்மாறாக, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வரும் சேர்ந்து பாடியதை பிபிசி காட்டவே இல்லை. அது அமெரிக்கப் பெட்டியில் இருந்தால் தங்கம் என்று வைத்துக்கொள். லெட் செப்பலின் பகுதியும் அப்படித்தான். அவர்கள் சம்மதிக்காததால் 2004-இல் வந்த நான்கு டிவிடி தொகுப்பில் அது சேரவில்லை. உன் கையில் இருப்பதுபோன்ற வீட்டுப் பதிவுகளுக்கு மதிப்பே இந்த மாதிரி இடங்களில்தான்.

கேசட்டைத் தொடுவதற்கு முன் எண்ணிப் பார். கச்சேரி மொத்தம் சுமார் 16 மணி நேரம். இ-180 கேசட் சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம் ஓடும், அப்படியென்றால் ஆறு கேசட் இருக்கவேண்டும். மூன்றுதான் இருக்கிறது என்றால் லாங் ப்ளேயில், பாதி வேகத்தில் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டி-120 கேசட்டை ஆறு மணி நேர வேகத்தில் ஓட்டி மூன்றிலேயே முடித்தவர்கள் ஏராளம். பி.ஏ.எல். சாதாரண வேகத்திலேயே டேப் விநாடிக்கு 2.34 செ.மீ.தான் நகர்கிறது. நம் பழைய பாட்டு கேசட் நகர்வது 4.76 செ.மீ. லாங் ப்ளேயில் டேப்பின் ஓரத்தில் பதியும் சாதாரண ஒலித்தடத்தில் சிம்பல் சத்தம் ஏன் காணாமல் போகிறது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

இப்போது கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடித்து ரீலின் விளிம்பைப் பார். வெள்ளைப் புள்ளியோ பொடியோ தெரிந்தால் பூஞ்சை. அதை டெக்கில் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.) போடாதே. ஒரு பூஞ்சைக் கேசட், டேப்பைப் படிக்கும் ஹெட்டை அடைத்துவிடும், அதே டெக்கில் அடுத்து போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கட்டி, உலர்ந்த இடத்தில் வை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்றாக இருப்பவற்றில் பதிவு தடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நீயே உடைத்துவிடு. இத்தனை வருஷம் அசையாமல் இருந்த டேப் சில சுற்று இறுகியும் சில சுற்று தளர்ந்தும் இருக்கும். கைவசம் இருக்கும் இரண்டாந்தர டெக்கில் முழுதாக ஒரு முறை முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிய பிறகே நல்ல டெக்குக்குக் கொண்டுவா.

டெக்கின் ஹெட்டைத் துடைக்க 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மான்தோல் போன்ற மெல்லிய தோல் சுற்றிய குச்சி இரண்டும் போதும். நனைத்த தோலை, ஹெட் பொருத்திய உருளையின் மேல் அசையாமல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் தலைப்பகுதியைத் தொட்டு உருளையை மட்டும் சுற்று. தோலை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், அதோடு அந்த டெக் முடிந்தது. பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், நூல் சிக்கும். துடைத்தபின் நன்றாகக் காய்ந்த பிறகே கேசட் போடு.

எந்த டெக் என்று கேட்டிருந்தாய். பி.ஏ.எல்.லுக்கு பானசோனிக் என்.வி.-எஃப்.எஸ்.200 அல்லது ஜேவிசி எச்.ஆர்.-எஸ்.9600 கிடைத்தால் விடாதே. இரண்டிலும் வரிகளை நேர்படுத்தும் டிபிசி உள்ளேயே இருக்கிறது. அமெரிக்கக் கேசட்டுக்கு பானசோனிக் ஏ.ஜி.-1980. டிபிசி இல்லாத நல்ல டெக்தான் இருக்கிறது என்றால், பானசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10 டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து சிக்னலை அதன் வழியாக அனுப்பு. கம்பிக் கதவு, மைக் ஸ்டாண்டு போன்ற நேர்க்கோடுகள் நெளிவது பெருமளவு நின்றுவிடும். லாங் ப்ளேயில் எடுத்த கேசட்டுக்கு மட்டும் இந்தப் பட்டியலை மறந்துவிடு. அதை எடுத்த அதே டெக் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறதா என்று முதலில் விசாரி, தடம் பிடிப்பதில் அதற்கு ஈடு கிடையாது.

என்.டி.எஸ்.சி. கேசட்டில் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். நம் ஊர் டெக்கில் "என்.டி.எஸ்.சி. ப்ளேபேக்" என்று எழுதியிருப்பதை நம்பிப் போடுவார்கள். அது வெளியே விடுவது 60 ஃபீல்டில் பி.ஏ.எல். நிறம் பூசிய ஒரு கலப்புச் சிக்னல். டிவி அதை ஏற்றுக்கொள்ளும், கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றும் கேப்சர் கார்டு கறுப்பு வெள்ளையாகக் காட்டும் அல்லது ஏற்கவே ஏற்காது. அசல் என்.டி.எஸ்.சி. சிக்னல் தரும் டெக்தான் வேண்டும். அடுத்தது, அந்த டெக் 120 வோல்ட். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் பவர் சப்ளை போய்விடும்.

டெக்கிலிருந்து கேப்சர் கார்டுக்கு எஸ்-வீடியோ கேபிள் போடு. மஞ்சள் முனைக் கேபிளில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து போய் மறுபடி பிரியும்போது, கோடு போட்ட சட்டைகளின் மேல் வானவில் தெரியும். மென்பொருள் வர்ச்சுவல்டப் போதும். பி.ஏ.எல். கேசட்டுக்கு 720க்கு 576, விநாடிக்கு 25 ஃப்ரேம், ஹஃப்ஒய்யுவி என்ற இழப்பில்லாமல் சுருக்கும் கோடெக், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். மணிக்கு 30 ஜிபிக்குக் குறையாமல் பிடிக்கும், 16 மணி நேரத்துக்கு அரை டெராபைட் என்று வைத்துக்கொள். நேரடியாக எம்பி4 ஆக்கித் தரும் மலிவு டாங்கிள்கள் வேண்டாம். கூட்டத்தின் மேல் கேமரா போகும்போது அவை படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும், லைவ் எய்டில் பாதி நேரம் கேமரா கூட்டத்தின் மேல்தான். கேப்சர் செய்யும்போது ஃப்ரேம் விடுபடும் எண்ணிக்கையைக் கவனி. ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பரவாயில்லை, பத்து இருபது என்றால் டிபிசி வேலை செய்யவில்லை. சில கார்டுகள் டேப்பின் அதிர்வைப் பார்த்து "நகல் தடை உள்ளது" என்று நின்றுவிடும். வீட்டுப் பதிவில் அப்படி எதுவும் கிடையாது, கார்டை மாற்று.

பொறுமை இருந்தால் இன்னொரு வழி உண்டு. டெக்கின் உள்ளே ஹெட் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் இருக்கும் ஆர்.எஃப். சோதனைப் புள்ளியிலிருந்து ஹெட் படித்த மூலச் சிக்னலை நேராக எடுத்து, விஎச்எஸ்-டிகோட் என்ற மென்பொருளால் படமாக்குவது. சி.எக்ஸ்.2388எக்ஸ் சிப் உள்ள பழைய பிசிஐ டிவி கார்டு அதற்குப் போதும். டிபிசி வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆனால் டெக்கைத் திறந்து சால்டரிங் செய்யவேண்டும், கோப்புகளும் பெரிது. முதலில் வழக்கமான முறையில் எல்லாவற்றையும் எடுத்து முடி, லெட் செப்பலின் போன்ற அரிய பகுதிகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்.

ஒலிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிரிட்டிஷ் டிவி அப்போது மோனோ மட்டுமே, ஆனால் பிபிசி ரேடியோ 1 அதே கச்சேரியைப் படத்தோடு ஒத்திசைந்து ஸ்டீரியோவில் தந்தது. ஸ்டீரியோ ஒலியைத் தனித் தடத்தில் பதியும் சில ஹைஃபை டெக்குகளில் சைமல்காஸ்ட் ஸ்விட்ச் இருந்தது, அதைப் போட்டவர்கள் படத்தை டிவியிலிருந்தும் ஒலியை எஃப்எம் ரேடியோவிலிருந்தும் எடுத்தார்கள். உன் கேசட்டில் ஹைஃபை விளக்கு எரிந்தால் ஹெட்ஃபோன் போட்டுக் கேள், இடதும் வலதும் வேறுபட்டால் அதிர்ஷ்டம். அந்தப் பெட்டியில் ஆடியோ கேசட்டுகளும் இருந்தால் தூக்கிப் போடாதே, அது ரேடியோ பதிவாக இருக்கலாம்.

அதை ஒட்டும் முறை இது. ஆடியோ கேசட்டின் வேகம் ஒரு சதவீதம் பிசகினால்கூட 45 நிமிடப் பக்கத்தில் 27 விநாடி தள்ளிப்போகும். எனவே முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக ஒட்டப் பார்க்காதே. வீடியோவின் மோனோ ஒலியை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஸ்னேர் டிரம் அடியையும் கடைசி அடியையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே உள்ளதை ரீசாம்பிள் செய். சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறவேண்டும். சுருதியைத் தொடாமல் நேரத்தை மட்டும் நீட்டும் வசதியைப் பயன்படுத்தினால் சிம்பல் தண்ணீருக்குள் அடிப்பதுபோல ஆகிவிடும். எஃப்எம் ஸ்டீரியோவோடு 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைலட் ஒலி வரும். பதிவு செய்த டெக் அதை வடிகட்டாமல் விட்டிருந்தால் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோடு 19,000-இல் நிற்கும்படி வேகத்தைத் திருத்தினால் கைவேலை பாதியாகக் குறையும். கேசட் அட்டையில் டால்பி பி (இரைச்சல் குறைக்கும் முறை) என்று குறித்திருந்தால் டால்பி போட்டே ஓட்டு.

திருத்தக்கூடாத இரண்டு இடம் உண்டு, இதைக் கண்டிப்பாக நினைவில் வை. தி ஹூ இசைக்குழு தங்கள் முதல் பாட்டின் நடுவே இருக்கும்போது வெம்ப்ளியிலிருந்து ஒளிபரப்பே அறுந்து, இரண்டாம் பாட்டின் கடைசிப் பகுதியில்தான் திரும்ப வந்தது. அங்கே உன் டேப்பைக் குறை சொல்லாதே, டிவியிலிருந்து எடுத்த எந்தப் பதிவிலும் அது இருக்காது. பால் மெக்கார்ட்னி 'லெட் இட் பி' பாடும்போது மைக் வேலை செய்யாமல் முதல் இரண்டு நிமிடம் பியானோ மட்டும் கேட்கிறது, குரல் இல்லை. டிவிடியில் பின்னால் பாடிச் சேர்த்த குரல் இருக்கிறது. சிலர் வீட்டுப் பதிவிலும் அதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாதே. குரல் இல்லாமல் பியானோ போய்க்கொண்டே இருப்பதும், பிறகு திடீரென்று அவர் குரல் ஸ்பீக்கரில் ஏறும்போது மைதானம் ஆர்ப்பரிப்பதும் அன்று நேரலையில் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது. அது அப்படியே இருக்கட்டும்.

படத்தைச் சுத்தம் செய்வதிலும் கை அடக்கம் வேண்டும். முதல் கோப்பைத் தொடாமல் இரண்டு வன்தட்டில் வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய். ஃபீல்டு வரிசை சரியா என்று முதலில் பார், தப்பென்றால் அசைவு ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் உதறும். படத்தின் அடியில் கிழிந்ததுபோல் தெரியும் ஹெட் மாறும் கோட்டைக் கறுப்பால் மூடு, வெட்டி எடுத்துவிட்டு உயரத்தை இழுக்காதே, இழுத்தால் ஃபீல்டுகள் கலந்துவிடும். அந்தக் கிழிசல் இரண்டடுக்காகத் தெரிந்தாலும், சிவப்பு நிறம் உருவத்தை விட்டு வலப்புறமும் கீழேயும் நழுவியிருந்தாலும் உன்னிடம் இருப்பது நகலுக்கு நகல். அதை விளக்கக் குறிப்பில் எழுதிவை. பார்ப்பதற்கான பிரதிக்கு ஃபீல்டுகளை முழு ஃப்ரேம்களாக்கும் கியூடிஜிஎம்சி நிரல் மூலம் பி.ஏ.எல். பதிவை விநாடிக்கு 50 ஃப்ரேமாக்கு. 4கே ஆக்குகிறேன் என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போடாதே. விஎச்எஸ்ஸில் பக்கவாட்டு நுணுக்கமே சுமார் 240 கோடுதான். குயீன் இசைக்குழு மேடையேறிய மாலை 6:41-இலிருந்து கூட்டத்தின் மேல் போகும் ஷாட்களில், கை தூக்கிய ஆயிரக்கணக்கான முகங்களை அது மெழுகு பொம்மையாக உருக்கி, இல்லாத பல்லையும் கண்ணையும் வரைந்துவிடுகிறது. அன்று அங்கே நின்றவர்கள் உண்மையான மனிதர்கள்.

விற்பதற்கு யாராவது கேட்டால் கொடுக்காதே. அதிகாரபூர்வ டிவிடியின் வருமானம் பேண்ட் எய்டு அறக்கட்டளைக்குப் போகிறது.

முதல் வேலையாக, இங்கிலாந்துப் பெட்டியில் மாலை நேரக் கேசட் எது என்று பார்த்து, அதில் ஐந்து நிமிடம் மட்டும் ஹஃப்ஒய்யுவியில் எடுத்து எனக்கு அனுப்பு. ஹைஃபை ஒலியையும் ஓரத்தடத்து மோனோவையும் தனித்தனியே எடு. இரண்டையும் பார்த்துவிட்டு டெக்கின் ட்ராக்கிங்கை (ஹெட் தடத்தைப் பிடிக்கும் அமைப்பை) தொடலாமா வேண்டாமா என்று சொல்கிறேன். அதுவரை மற்ற கேசட்டுகளைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வை.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
முரளி