ஏசி, ஹீட்டர் சர்வீஸ்: வரும் ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணி முதல் மெக்கானிக் வீடு வீடாக வருகிறார். அதற்குள்:

1. ஏசி ஃபில்டரைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். தூசி அடைத்தால் காற்று குறையும், காற்றைக் குளிர்விக்கும் காயிலில் (குழாய்ச் சுருளில்) பனி உறையும், கரண்ட் பில்லும் ஏறும். ஏசி ஓடும் காலத்தில் மாதம் ஒருமுறையாவது கழுவுங்கள்.
2. வெளி யூனிட்டைச் சுற்றியுள்ள பொருட்களை அகற்றுங்கள்.
3. கேஸ் ஹீட்டர், கேஸ் கீசர் உள்ளவர்கள் கட்டாயம் தெரிவியுங்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிருக்காகக் காற்றுத் துவாரத்தை அடைத்திருந்தால் இன்றே திறந்துவிடுங்கள், தயவுசெய்து.
4. சுவரில் பூஞ்சை இருந்தால் படம் அனுப்புங்கள்.

வெள்ளி இரவு 8 மணிக்குள் வீட்டு எண்ணும் எத்தனை ஏசி என்பதும் இங்கே பதிவிடுங்கள். வேண்டாம் என்றாலும் ஒரு வரி போடுங்கள்.