குமாஸ்தாவுக்குச் சம்பளம் யார் தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

வழக்கை இணையத்தில் தாக்கல் செய்யும் இ-ஃபைலிங் என்றாலே சர்வர் மந்தம், ஸ்கேனர் செலவு, வழக்கறிஞர் போராட்டம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. வக்கீல் அலுவலகக் குமாஸ்தாவைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கும்பகோணத்தில் சிவில் வழக்கு நடத்தும் சின்ன அலுவலகம் என்னுடையது. இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா.

எங்கள் பக்கம் பல அலுவலகங்களில் குமாஸ்தாவுக்கு வக்கீல் தரும் மாதச் சம்பளம் பேருக்குத்தான். மிச்சத்தைக் கட்சிக்காரர் தருவார். பிராது (வழக்கு மனு) தாக்கலான அன்று ஒரு தொகை, சம்மன் அனுப்பப் பேட்டா கட்டும்போது கொஞ்சம், தீர்ப்பு நகல் வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம். கோர்ட் வளாகத்தில் அவர் நடையாய் நடந்தால்தான் காசு. இப்போது வாய்தா தேதியைக் கட்சிக்காரரே செல்போனில் பார்த்துவிடுகிறார். ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் சி.என்.ஆர். எண்ணைத் தட்டினால் வழக்கின் நிலவரம் திரையில் வருகிறது. நல்லதுதான். ஆனால் நடை குறையக் குறைய குமாஸ்தாவின் கையும் காய்கிறது. ‘இனிக் குமாஸ்தா எதற்கு? ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஏற்றித் தருகிறான்’ என்று சக வழக்கறிஞர்கள் சிலர் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கெடு தெரியுமா? மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் அப்பீலுக்கு 30 நாள். தீர்ப்பு நகல் கிடைக்கத் தேவைப்பட்ட நாட்களைக் காலவரையறைச் சட்டம் 12-வது பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகலுக்குக் கோர்ட்டில் ஸ்டாம்ப் கேட்ட பிறகு நாம் கட்டாமல் இழுத்தடித்த நாட்கள் கழியாது. எங்கள் குமாஸ்தா நகலில் உள்ள தேதிகளைப் பார்த்து, நின்ற இடத்திலேயே கடைசி நாளைச் சொல்லிவிடுவார். காசோலை திரும்பிய வழக்கும் அப்படியே: பணம் தர, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள்; தராவிட்டால் வழக்குப் போட அதன்பின் ஒரு மாதம். என் ஜூனியர்கள் இந்தக் கணக்கை அவரிடம்தான் கற்றார்கள். ஒருகாலத்தில் நானும்.

அதனால் கட்சிக்காரரிடம் வாங்கும் வழக்கத்தை நிறுத்தி, முழுச் சம்பளமும் நானே தருகிறேன். வழக்குக் கட்டை ஸ்கேன் செய்வது, பக்க எண் போடுவது, குறை சொல்லிக் கோர்ட் திருப்பி அனுப்பிய பிராதைச் சரிசெய்துத் திரும்பப் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. “இந்த வயசுல மௌஸ் புடிக்கச் சொல்றீங்களே மேடம்” என்றார். பிடித்துவிட்டார். மின் கையொப்பத்துக்கான ஓ.டி.பி. மட்டும் என் போனுக்குத்தான் வரும். நான் குறுக்கு விசாரணையில் நிற்பேன், அவர் கதவோரம் தவிப்பார். இப்போது காலை பத்து மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் என்று நேரம் வைத்துக்கொண்டோம். போனையே குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. என் பெயரில் போகும் மனுவை நான் படிக்காமல் போகவிட மாட்டேன்.

குமாஸ்தாக்களுக்கு 1999-ஆம் ஆண்டு நல நிதிச் சட்டம் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அடுப்பு எரிய அது போதாது. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியது. எங்கள் அலுவலகச் சம்பளத்தை அது தரப்போவதில்லை, நாங்கள்தான் தர வேண்டும். ஒவ்வொரு வழக்கறிஞர் சங்கமும் குமாஸ்தாவுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இவ்வளவு என்று தீர்மானம் போடட்டும். எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் நான் முன்மொழிகிறேன்; வழிமொழிய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

– பெண் வழக்கறிஞர், கும்பகோணம்