புரோவோ நகர மைய ஆலயம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு,

2016 மார்ச் 20, குருத்தோலை ஞாயிறன்று, அப்போது அப்போஸ்தலராக இருந்த டாலின் எச். ஓக்ஸ், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள நமது புரோவோ நகர மைய ஆலயத்தை அர்ப்பணித்து ஜெபித்தார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு இது 150-ஆவது ஆலயம். மலையடிவாரத்தில் 1972-இல் முதல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட இதே ஊருக்கு இது இரண்டாவது. எரிந்துபோன ஒரு மண்டபம் எப்படி ஆலயமாயிற்று, அதற்கு ஏன் இத்தனை பாடு பட வேண்டியிருந்தது என்பதை உறுப்பினர்கள் முன் வைக்கவே இந்த அறிக்கை.

எரிந்துபோன அந்த மண்டபம், ‘டாபர்னக்கிள்’ எனப்படும் பெரிய பொதுக்கூட்ட மண்டபம். அதன் கட்டுமானம் 1883-இல் தொடங்கியது. யூட்டாவின் மேண்டை ஊர் ஆலயத்தை வடிவமைத்த வில்லியம் ஹாரிசன் ஃபால்சம்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். பலதார மண வழக்குகளால் சபைத் தலைவர்கள் தலைமறைவாக இருந்த நாட்களில், வேலை முடியாத இந்த மண்டபத்திலேயே 1886, 1887 ஏப்ரல் பொது மாநாடுகள் கூடின. அர்ப்பணிப்பு 1898-இல்தான் நடந்தது. நான்கு மூலைக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கோபுரமும் அன்று இருந்தது. அதன் பாரத்தைக் கூரை தாங்காது என்று 1917-இல் இறக்கிவிட்டார்கள். நம்மில் எவரும் அந்தக் கோபுரத்தோடு மண்டபத்தைப் பார்த்ததில்லை. அமெரிக்க ஜனாதிபதி டாஃப்ட் 1909-இல் இங்கே பேசினார். நம் பிள்ளைகளின் பாட்டுக் கச்சேரிகளும் பட்டமளிப்புகளும் இங்கேதான் நடந்தன.

2010 டிசம்பர் 17 விடியுமுன் தீப் பிடித்தது. கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி ஒன்றுக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்த வாரம் அது. பரணில் மரப்பெட்டியின் மேல் வைக்கப்பட்டு அணைக்கப்படாமல் விடப்பட்ட விளக்கின் சூடே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கூரை உள்ளே சரிந்து விழுந்தது. ஆர்கன், இருக்கைகள், மாடம் எல்லாம் போயின. ஹாரி ஆண்டர்சன் வரைந்த இரண்டாம் வருகை ஓவியத்தின் பிரதி ஒன்று சாம்பலுக்குள் கிடைத்தது. சுற்றிலும் கருகியிருக்க, நடுவே கிறிஸ்துவின் உருவம் மட்டும் எரியாமல் இருந்தது. அதைக் கண்டு அழாதவர்கள் குறைவு.

மிஞ்சியவை செங்கல் சுவர்கள் மட்டுமே. அவற்றை இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சுலபம், சிக்கனம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் 2011 அக்டோபர் 1 பொது மாநாட்டில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் எஸ். மான்சன், அந்தச் சுவர்களை வைத்தே ஓர் ஆலயம் எழும் என்று அறிவித்தபோது அரங்கில் எழுந்த சத்தம் இன்னும் நம் காதில் இருக்கிறது. பழைய டாபர்னக்கிள் ஒன்று ஆலயமாவது இது முதல் முறையல்ல. யூட்டாவின் வெர்னல் ஊரில் 1997-இல் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் தீயில் வெந்த சுவரை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

2012 மே 12-இல் அப்போஸ்தலர் ஜெஃப்ரி ஆர். ஹாலண்ட் தலைமையில் முதல் மண் வெட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1867-இல் திறக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்ட இன்னும் பழைய ஜெபக்கூடத்தின் அஸ்திவாரத்தை பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் தொல்லியலார் வடபுறத்தில் தோண்டி ஆவணப்படுத்தினார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தத் திருப்பணியின் உயிர்நாடி. ஆலயத்துக்கு ஒரு பெரிய மண்டபம் போதாது. ஞானஸ்நானத் தொட்டி, உடை மாற்றும் அறைகள், போதனை அறைகள், தம்பதியரையும் குடும்பங்களையும் நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரித்தல் அறைகள், பரலோகத்தின் சாயலான சிலஸ்டியல் அறை, அலுவலகங்கள் என எத்தனையோ வேண்டும். பழைய கட்டடத்தின் பக்கத்தில் ஒட்டுக்கட்டடம் எழுப்பினால் ஃபால்சமின் வடிவம் கெட்டுவிடும். ஆகவே கீழே போவது என்று முடிவாயிற்று. இரண்டு தளங்கள் நிலத்துக்கடியில். மரித்தோரின் சார்பில் ஞானஸ்நானம் பெறும் தொட்டி கல்லறையின் சாயலாக, உயிரோடிருப்பவர்கள் கூடும் இடத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நமது வேதநூல்களில் ஒன்றான ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ நூலின் 128-ஆம் பாகம் சொல்வது. பொறியாளர்களின் தேவையும் வேத வாக்கும் இங்கே ஒரே திசையில் நின்றன என்பதில் குழுவுக்குத் தனி மகிழ்ச்சி.

ஆனால் சுவர்கள் நிற்கும்போதே அவற்றின் காலடியில் எப்படித் தோண்டுவது? முதலில் வெளியிலிருந்து எஃகுச் சட்டங்கள் முட்டுக் கொடுத்தன. பிறகு சுவரின் உட்பக்கச் செங்கல் அடுக்குகளை அகற்றி, கம்பி கட்டி, அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, வெளிச் செங்கலோடு பிணைத்தார்கள். வாசாட்ச் நிலநடுக்கப் பிளவு அருகிலேயே ஓடுகிறது. பழைய செங்கல் சுவர் தனியாக நின்றால் நிலநடுக்கத்தைத் தாங்காது. அடுத்து சுவர்களின் பாரம் முழுவதும் ஆழத்தில் இறக்கிய தூண்களுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் சுமார் 40 அடி ஆழத்துக்கு மண் அகற்றப்பட்டது. 2013 தொடக்கத்தில் யுனிவர்சிட்டி அவென்யூ வழியாகப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: பொய்க்கால் கட்டி நிற்பது போல முழுக் கட்டடமும் பள்ளத்தின்மேல் நின்றது. யூட்டா ஏரிக்குப் பக்கத்து ஊர் என்பதால் இங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. நீரை இறைத்தபடியேதான் அடித்தளம் கீழிருந்து மேலாகக் கட்டப்பட்டுச் சுவரை வந்து தொட்டது. இந்தப் பணியைச் செய்தவர்களின் கைகளுக்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள்.

அதன்பிறகு வேலை வேகம் பிடித்தது. 1917-இல் இறக்கிய நடுக்கோபுரம் மீண்டும் ஏறியது. 2014 மார்ச் 31-இல் அதன் உச்சியில் மார்மன் புத்தகத்தில் வரும் தீர்க்கதரிசியான மரோனி தூதனின் பொன்முலாம் உருவம் நிறுத்தப்பட்டது. உள்ளே விக்டோரியா காலப் பாணியே பின்பற்றப்பட்டிருக்கிறது. பிற்காலத்து வண்ணப்பூச்சுகளுக்குள் மறைந்திருந்த ஆதி அச்சுக்கோலங்களைத் தீயே வெளிக்காட்டிக் கொடுத்தது. புதிய அலங்காரங்களுக்கு அவை வழிகாட்டின. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 85,000 சதுர அடி. வாகன நிறுத்தமும் நிலத்துக்கடியிலேயே இருக்கிறது.

செலவைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஆலயங்களின் செலவுத் தொகையைச் சபை வெளியிடுவதில்லை. ஆகவே இந்த அறிக்கையில் வரவு செலவுப் பட்டியல் இல்லை. பணம் உங்கள் தசமபாகத்திலிருந்து வந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாபர்னக்கிள் ஊருக்கே பொதுவான இடமாக இருந்தது. எந்தச் சபையைச் சேர்ந்தவரும் உள்ளே வந்து உட்காரலாம். ரக்மானினோவ் 1938-இல் இங்கே வந்து பியானோ வாசித்தார். ஆலயம் அப்படியல்ல. அர்ப்பணித்த பிறகு ஆலயப் பரிந்துரை எனும் அனுமதிச் சீட்டு உள்ள உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். நம் அயலார் பலருக்கு இது உண்மையான இழப்பு. அவர்கள் அதைச் சொல்லும்போது நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அர்ப்பணிப்புக்கு முன், ஜனவரி 15 முதல் மார்ச் 5 வரை கதவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்தபோது ஏறக்குறைய 8 லட்சம் பேர் வந்தார்கள். குளிரில் வரிசையில் நின்ற அவர்களுக்கு வழிகாட்டிய தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் குழுவின் நன்றி.

தோட்டமும் சுற்றுப்புறமும் எப்போதும் போல அனைவருக்கும் திறந்திருக்கும். மாலை நேரத்தில் அங்கே அமர வரும் அயலாரை விருந்தினராக நடத்துங்கள். பழைய மண்டபத்தின் புகைப்படங்கள், நிகழ்ச்சி நிரல்கள், குடும்பக் கடிதங்கள் வைத்திருப்பவர்கள் அவற்றின் பிரதியை உங்கள் வார்டு (உள்ளூர்ச் சபை) எழுத்தரிடம் கொடுத்தால், இந்த அறிக்கையோடு சேர்த்து ஆவணமாக வைக்கப்படும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்